போக ஒரு நேரம், வர ஒரு நேரம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் பெட்டிச் செய்தியில் "சிங்கப்பூர் – நியூயார்க்: 15,300 கி.மீ., பயண நேரம் 17 மணி" என்று போட்டிருக்கிறீர்கள். தூரம் சரி. ஆனால் அந்த 17? 15,300-ஐ விமானத்தின் வேகமான மணிக்கு 900 கி.மீ.-ஆல் வகுத்து எழுதியது என்பது பார்த்ததுமே தெரிகிறது. அந்தத் தடத்தில் நேராகப் போகும் விமானத்துக்கு அட்டவணைப்படியே 18 மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. ஓடுபாதை வரை ஊர்ந்து போவது, வரிசையில் காத்திருப்பது, இறங்கிய பிறகு நிறுத்துமிடத்துக்கு வந்து சேர்வது எல்லாம் அதில் சேர்ந்ததுதான்.

மேலே மேற்கிலிருந்து கிழக்காகப் பலமான காற்று வீசுவது உங்களுக்குத் தெரியாததல்ல. அதனால்தான் லண்டனிலிருந்து நியூயார்க் போக ஆகும் நேரத்தைவிடத் திரும்பி வர ஏறக்குறைய ஒரு மணி நேரம் குறைகிறது. இன்னொன்றும் சொல்கிறேன். 2016 அக்டோபரில் ஏர் இந்தியா டெல்லியிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்கு அட்லாண்டிக் வழியை விட்டுவிட்டு பசிபிக் வழியாகப் போனது. தூரம் கூடுதல், அதுவும் சுமார் 15,300 கி.மீ.தான். காற்று பின்னாலிருந்து தள்ளியதில் பதினான்கரை மணி நேரத்தில் போய்ச் சேர்ந்துவிட்டது. உங்கள் வகுத்தல் கணக்கு இதற்கு என்ன பதில் சொல்லும்?

வரைபடத்தில் அளவுகோலை வைத்துக் கோடு இழுக்காதீர்கள், உருண்டையான பூமியில் அது குறுக்குவழி ஆகாது என்று முன்பே எழுதினேன். பிரசுரம் ஆகவில்லை, சரி, அது உங்கள் உரிமை. 2022-இல் ரஷ்யா தன் வான்வெளியை ஐரோப்பிய விமானங்களுக்கு மூடியதும், சுற்றிப் போக வேண்டியதாகி, ஹெல்சின்கி – டோக்கியோ பயணம் ஒன்பது மணி நேரச் சொச்சத்திலிருந்து 13 மணி நேரம் வரை நீண்டது. இரண்டு விமான நிலையங்களும் இருந்த இடத்தில்தான் இருக்கின்றன. நீங்களோ அதற்குப் பிறகும் பழைய நேரத்தையே அச்சிட்டீர்கள். அதைச் சுட்டிக்காட்டி எழுதியதற்கும் பதில் இல்லை.

இது வெறும் எண் விவகாரம் என்று நினைத்துவிடாதீர்கள். என் அம்மாவுக்குச் சர்க்கரை நோய். டிக்கெட் போட்டுக் கொடுத்தவர் பறக்கும் நேரத்தை மட்டும் கூட்டி, "பயண நேரம் இவ்வளவுதான்" என்றார். இடையில் விமானம் மாறக் காத்திருக்கும் நேரத்தை அவர் சேர்க்கவே இல்லை. அதை நம்பித்தான் மருத்துவர் இன்சுலின் நேரங்களை எழுதிக் கொடுத்தார். அந்தத் தாள் பாதி வழியிலேயே முடிந்துபோனது. மாறும் இடத்தில், சக்கர நாற்காலியில், குளிர்ப் பையை மடியில் அணைத்தபடி, "அடுத்த ஊசி எப்போடா? இப்போ ராத்திரியா, பகலா?" என்று அம்மா கேட்டார். கைக்கடிகாரம் ஒரு நேரம் காட்டியது, சுவர்க் கடிகாரம் வேறு நேரம் காட்டியது. என்னால் பதில் சொல்ல முடியவில்லை. உங்கள் பெட்டிச் செய்தியைக் கத்தரித்து வைத்துக்கொண்டு, யாரோ ஒருவர் தன் வீட்டுப் பெரியவருக்கு இப்போது இதே கணக்கைப் போட்டுக்கொண்டிருப்பார்.

இத்தனை வருட வாசகனாகக் கேட்பது சின்ன விஷயம்தான். பயண நேரம் போடும்போது போகவும் வரவும் தனித்தனியாகப் போடுங்கள். இடையில் காத்திருக்கும் நேரம் சேர்ந்ததா இல்லையா என்று ஒரு வரி எழுதுங்கள். அந்த 17-க்கு அடுத்த இதழில் திருத்தம் வெளியிடுங்கள், கடைசிப் பக்க மூலையில் அல்ல, பெட்டிச் செய்தி வந்த அதே பக்கத்தில்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகன்