விளையாட்டுப் பலகையிலும் அரசியல்

ஆசிரியருக்கு,

'பொழுதுபோக்கில் அரசியலைக் கலக்காதீர்கள்' என்று பலர் அலுத்துக்கொள்கிறார்கள். புதிதாகக் கலப்பதற்கு என்ன இருக்கிறது? நிலம் வாங்கி வாடகை வசூலிக்கும் மோனோபோலி என்ற பலகை விளையாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். அதன் மூல வடிவத்துக்கு எலிசபெத் மேகி என்ற அமெரிக்கப் பெண்மணி 1904-இல் காப்புரிமை பெற்றார். நிலமெல்லாம் சிலர் கையில் குவிந்தால் மற்றவர்கள் வாடகை கொடுத்தே ஓட்டாண்டியாவார்கள் என்று விளக்கத்தான் அதை உருவாக்கினார். இன்றோ எதிரே இருப்பவரைத் திவாலாக்கிவிட்டுக் கைதட்டிச் சிரிக்கிறோம். கண்டித்து எழுதிய பாடம் கொண்டாட்டமாகிவிட்டது!

விளையாட்டில் மட்டுமல்ல, அன்றாடப் பொருள்களிலும் அரசியல் உண்டு. பொது இடங்களில் சில பெஞ்சுகளின் நடுவே ஓர் இரும்புக் கைப்பிடி இருக்கும். உட்காருபவருக்கு அது முழங்கை ஊன்ற வசதி. வீடில்லாதவருக்கோ 'இங்கே படுக்காதே' என்ற உத்தரவு. அறிவிப்புப் பலகை வைத்தால் யாராவது கேள்வி கேட்பார்கள். கைப்பிடியை யார் கேட்கப் போகிறார்கள்?

அதற்காகச் சீப்பிலும் கரண்டியிலும் சதியைத் துழாவும் ஆள் நானல்ல. கத்தரிக்கோல் விஷயத்தில் மட்டும் எனக்குக் கோபம் உண்டு. நான் இடக்கைக்காரன். பெரும்பான்மையோரின் வலக்கைக்கென்றே செய்த அது என் கையில் காகிதத்தை மடக்குகிறதே தவிர, வெட்டுவதில்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகர்