டீப் ஃப்ரீசர் அறைக்கு ஜெனரேட்டர் இணைப்பு வேண்டி எங்கள் கல்லூரி ஆட்சிக்குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆட்சிக்குழுத் தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். கோடை மழையோடு அடித்த காற்றில் மின்கம்பங்கள் சாய்ந்து, சனிக்கிழமை மாலை போன மின்சாரம் மறுநாள் இரவுதான் திரும்பியது என்பதும், அந்த நேரம் முழுவதும் நிர்வாகக் கட்டடத்துக்கும் விருந்தினர் விடுதிக்கும் ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது என்பதும் தாங்கள் அறிந்ததே. நுண்ணுயிரியல் ஆய்வகத்தின் டீப் ஃப்ரீசருக்கு அந்த இணைப்பு இல்லை என்பதையும், அதைக் கேட்டு எங்கள் துறை பலமுறை எழுதியிருக்கிறது என்பதையும் தாங்கள் அறிவீர்கள். ஆகவே திங்கட்கிழமை காலை நாங்கள் கண்டதை மட்டும் சொல்கிறேன்.

மின்சாரம் வந்த பிறகும் எங்கள் அறையின் டிரிப்பர் விழுந்தே கிடந்தது. மைனஸ் 80 டிகிரியில் இருக்க வேண்டிய பெட்டியின் அடித்தட்டில் தண்ணீர் தேங்கி நின்றது. கிளிசராலில் கலந்து வைத்திருந்த பூஞ்சை வளர்ப்புகளின் குப்பிகள் அந்தத் தண்ணீரில் மிதந்தன. பலவற்றில் மார்க்கரால் எழுதிய எண்கள் அழிந்துபோயிருந்தன. வித்துகள் உண்டாக்கும் பூஞ்சைகளைக் கடலுப்பு சேர்த்த வளர்ப்பு ஊடகத்தில் இட்டுப் பெரும்பாலும் மீட்டுவிட்டோம். வித்தே உண்டாக்காமல் இழைகளாக மட்டும் வளர்பவை முளைக்கவில்லை. பிச்சாவரத்து அலையாத்திக் காட்டின் சேற்றில் மட்கிக்கொண்டிருந்த சுரபுன்னைக் கட்டையிலிருந்து பிரித்தெடுத்த பூஞ்சை அவற்றுள் ஒன்று. அதன் சாற்றை இட்ட இடத்தைச் சுற்றி நோய் உண்டாக்கும் ஸ்டஃபைலோகாக்கஸ் பாக்டீரியா வளராமல் தெளிந்த வளையம் விழுந்தது. அந்த வேலையைச் செய்வது ஒரு வளையப் பெப்டைடு (அமினோ அமிலங்கள் வளையமாகக் கோத்த மூலக்கூறு) என்பதற்கு முதற்கட்டச் சான்றுகளும் கிடைத்திருந்தன. அதில் அமினோ அமிலங்கள் எந்த வரிசையில் கோக்கப்பட்டிருக்கின்றன என்று கண்டறியத் தேவையான அளவு பொருளைத் திரட்டிக்கொண்டிருந்தோம். இப்போது சாறும் தீர்ந்துவிட்டது, பூஞ்சையும் இல்லை.

மறுபடியும் பிச்சாவரம் போய் எடுத்துக்கொள்ளலாமே என்று அலுவலகத்தில் சொன்னார்கள். அதே இனத்துப் பூஞ்சை கிடைத்தாலும் அதே பெப்டைடை அது உண்டாக்கும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. இத்தகைய பெப்டைடுகளில் பல, செல்லில் புரதங்களை உருவாக்கும் ரைபோசோமில் உருவாவதில்லை. அவற்றைக் கோப்பதற்கென்றே பெரிய நொதிகள் இருக்கின்றன. அந்த நொதிகளுக்கான மரபணுக்கள் ஒரே இனத்துக்குள்ளும் வேறுபடலாம். அந்த மரபணுக்கள் இருந்தாலும் உப்பின் அளவோ ஊடகமோ மாறினால் அவை செயல்படாமலே போகலாம். பெட்ரித் தட்டில் திரும்பத் திரும்ப மாற்றி வளர்த்தாலே அந்தத் திறனை இழந்துவிடும் பூஞ்சைகளும் உண்டு. அதனால்தான் அவற்றை ஆழ்குளிரில் வைக்கிறோம், அதனால்தான் ஜெனரேட்டர் இணைப்பைக் கேட்கிறோம்.

1945இல் சார்டினியாத் தீவின் காக்லியாரி நகரத்தில், கழிவுநீர் கடலில் கலக்கும் இடத்திலிருந்து ஜுசெப்பே ப்ரோட்சு ஒரு பூஞ்சையைக் கண்டெடுத்தார். 1948இல் அது ஆக்ஸ்ஃபோர்டுக்குப் போய்ச் சேர்ந்தது. பின்னர் எட்வர்ட் ஆபிரகாமும் கை நியூட்டனும் அதிலிருந்து செஃபலோஸ்போரின் சி என்னும் நுண்ணுயிர்க்கொல்லியைப் பிரித்தெடுத்தார்கள். மூன்று அமினோ அமிலங்கள் சேர்ந்த ஒரு சிறு பெப்டைடிலிருந்துதான் அந்தப் பூஞ்சை அதை உருவாக்குகிறது. இன்று நம் ஊர் மருத்துவமனைகளில் போடப்படும் செஃப்ட்ரியாக்சோன் ஊசி அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது. இடையில் கழிந்த ஆண்டுகளில் அந்தப் பூஞ்சையை உயிரோடு காத்து வைக்க ஆட்கள் இருந்தார்கள். எங்களுடையதைக் காக்க ஒரு மின்கம்பி இல்லை.

எங்கள் பெப்டைடு மருந்தாகியிருக்கும் என்று நான் சொல்லவில்லை. ஆய்வகத்தில் நம்பிக்கை தருபவற்றுள் பெரும்பாலானவை நச்சுத்தன்மையாலோ, உடலில் விரைவில் சிதைவதாலோ நின்றுவிடுகின்றன. ஆனால் சோதித்துப் பார்த்து விலக்கும் வாய்ப்பே எங்களுக்குக் கிடைக்கவில்லை.

கடலே இல்லாத ஊரில் கடல் பூஞ்சை ஆராய்ச்சி எதற்கு என்று கூட்டத்தில் ஓர் உறுப்பினர் கேட்டதாக அறிந்து மனம் நொந்தோம். கடல் இங்கே இல்லை. நோயாளிகள் இங்கே இருக்கிறார்கள். வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வேலூருக்குச் சிகிச்சை தேடி வருகிறார்கள். மாற்றுச் சிறுநீரகத்தை உடல் நிராகரிக்காமல் காக்கும் சைக்ளோஸ்போரினும் பூஞ்சை தந்த பெப்டைடுதான். பதினோரு அமினோ அமிலங்களின் வளையம் அது. அதைத் தந்த பூஞ்சை நார்வே மண்ணிலிருந்து வந்தது. தரமதிப்பீட்டுக் குழு வரும்போது எங்கள் ஆய்வகத்தைத்தான் முதலில் காட்டுகிறீர்கள். ஆண்டுதோறும் எத்தனை கட்டுரைகள் வெளிவந்தன என்று எங்களிடம்தான் கணக்குக் கேட்கிறீர்கள். உதவித்தொகை மாதக்கணக்கில் தாமதமானபோதும் நாங்கள் வேலையை நிறுத்தவில்லை. இவ்வளவுக்குப் பிறகும் ஓர் இணைப்புக்காக மன்றாட வேண்டியிருப்பது எந்த வகையில் நியாயம்?

கடுமையாக எழுதிவிட்டதாகத் தோன்றினால் பொறுத்தருள வேண்டுகிறேன். அடுத்த மாதாந்திரப் பராமரிப்பு மின்தடைக்கு முன்பாக டீப் ஃப்ரீசர் அறையை ஜெனரேட்டர் லைனில் சேர்த்துத் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். மீட்டெடுத்த பூஞ்சைகளின் நகல் வளர்ப்புகளைச் சண்டிகரில் உள்ள எம்டிசிசி நுண்ணுயிர்க் களஞ்சியத்தில் ஒப்படைக்கும் செலவுக்கும் ஒப்புதல் தந்தால் நன்றியுடையவர்களாக இருப்போம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஆய்வு மாணவி, நுண்ணுயிரியல் துறை,
வேலூர்