சாமின் கைகள்

அன்புள்ள ஜெயா,

உன் கடிதம் புதன்கிழமை கிடைத்தது. முட்டியில் ஊசி போட்ட பிறகு மாடிப்படி ஏற முடிகிறது என்று படித்ததும்தான் எனக்கு நிம்மதி. இங்கே அவருக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. வெயில் கொளுத்துகிறது. இரண்டு படி அரிசிக்கு வடாம் போட்டேன், உனக்கும் ஒரு டப்பா எடுத்து வைத்திருக்கிறேன்.

கீதாவுக்குப் பார்த்த வரன் விஷயம் நாலு நாளாக மனதிலேயே ஓடிக்கொண்டிருக்கிறது. பையன் மரச்செக்கு வைத்திருக்கிறான், நல்ல குணம், ஆனால் இவள் நேரில் பார்க்கக்கூட மாட்டேன் என்கிறாள் என்று எழுதியிருக்கிறாய். இந்தச் சமயத்தில்தான் ‘கிராஸிங் டிலான்சி’ என்று 1988-ல் வந்த ஓர் அமெரிக்கப் படம் பார்த்தேன். பார்த்ததிலிருந்து உனக்கு எழுதவேண்டும் போலவே இருக்கிறது.

நியூயார்க்கில் இஸ்ஸி என்று முப்பது தாண்டிய பெண். புத்தகக் கடையில் வேலை, எழுத்தாளர்களைக் கூப்பிட்டுக் கூட்டம் நடத்துவாள். அவள் பாட்டி இருப்பது லோயர் ஈஸ்ட் சைடில், யூதக் குடும்பங்கள் வந்து குடியேறிய பழைய பேட்டை. பேத்திக்குத் தெரியாமல் பாட்டி கல்யாணத் தரகர் அம்மாவைப் பிடித்து வரன் பார்க்கிறாள். மாப்பிள்ளை சாம், பீப்பாயில் வெள்ளரிக்காய் ஊறப்போட்டு விற்கிற கடைக்காரன். இஸ்ஸிக்கு உடம்பே கூசுகிறது. அவள் கண்ணெல்லாம் ஆண்டன் என்கிற எழுத்தாளன் மேல்.

சாம் தன் கைகளைப் பாலிலும் வெனிலாவிலும் ஊறவைத்துக் கழுவுகிறான், ஊறுகாய் வாசனை போவதற்கு. அந்த இடத்தில் படத்தை நிறுத்திவிட்டேன் ஜெயா. 1984-ல் எனக்கு நிச்சயமானபோது ஹாஸ்டலில் எல்லாரும் ‘மாப்பிள்ளை என்ன பண்றார்’ என்று கேட்டார்கள். ‘பிசினஸ்’ என்று மட்டும் சொன்னேன். லேத் பட்டறை என்று உன்னிடம்கூட ஒரு மாதம் கழித்துத்தான் வாய் திறந்தேன். கல்யாணமான புதிதில் அவர் தினமும் சாயங்காலம் கிணற்றடியில் உட்கார்ந்து, துணியில் மண்ணெண்ணெய் தொட்டு விரலிடுக்கில் இருக்கிற கிரீஸைத் துடைப்பார். அப்புறம் சீயக்காய். அப்புறம் பிழிந்து போட்ட எலுமிச்சை மூடியால் ஒரு தேய்ப்பு. அதற்குப் பிறகுதான் என் பக்கத்தில் வந்து உட்காருவார். எனக்காகத்தான் செய்கிறார் என்று புரிய எனக்கு ஆறு மாதம் ஆயிற்று.

இஸ்ஸிக்கும் சாம் மேல் வெறுப்பு கிடையாது. யாராவது கேட்டால் என்ன சொல்வது என்பதுதான் அவள் கூச்சம். அதனால் அவனைத் தன் தோழி ஒருத்திக்குச் சேர்த்து வைக்கப் பார்க்கிறாள். தன்னை இன்னொருத்தியிடம் தள்ளிவிடத்தான் கூப்பிட்டிருக்கிறாள் என்று அவனுக்குப் புரியும்போது எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. முன்பு ஒருநாள் அவன், பல வருஷம் ஒரே தொப்பியைப் போட்டுக்கொண்டிருந்த ஓர் ஆளைப் பற்றி அவளிடம் சொல்லியிருப்பான். அந்தத் தொப்பி போய்ப் புதுசு வாங்கிய பிறகுதான் அந்த ஆளுக்கு வாழ்க்கையே மாறுகிறது. பிறகு இஸ்ஸிக்கே பெட்டியில் வைத்து ஒரு தொப்பி வந்து சேரும். அதை எவ்வளவு பதமாக எடுத்திருக்கிறார்கள் தெரியுமா!

எனக்கு ஒரு குறை உண்டு. அந்த எழுத்தாளனை இன்னும் கொஞ்சம் நல்லவனாகக் காட்டியிருக்கலாம். அப்போது அவள் முடிவுக்கு இன்னும் கனம் கூடியிருக்கும்.

எடுத்தவர் ஜோன் மிக்லின் சில்வர். 1975-ல் ‘ஹெஸ்டர் ஸ்ட்ரீட்’ என்று அவர் முதல் படம் எடுத்தபோது ஸ்டுடியோக்கள் கைவிரித்துவிட, கணவர்தான் பணம் புரட்டியிருக்கிறார். இந்தப் படத்தையும், ஒரு சமூகத்துக்குள்ளேயே அடங்கிப்போன கதை என்று முதலில் ஒதுக்கினார்களாம். எனக்கென்னவோ அந்தப் பாட்டியைப் பார்த்தால் என் அத்தைப் பாட்டியைப் பார்ப்பது போலவே இருந்தது. பாட்டியாக நடித்தவர் பேர் ரெய்சல் போசிக், கிழக்கு ஐரோப்பிய யூதர்கள் பேசிய இத்திஷ் மொழி நாடக மேடையில் வளர்ந்தவர்.

இதை எல்லாம் சொல்லி, கீதாவை நீ நெருக்கவேண்டும் என்று நான் சொல்லவில்லை. அவளுக்குப் பிடிக்கவில்லை என்றால் வேண்டாம், அதில் உனக்கு வருத்தம் கூடாது. ஆனால் பையனைப் பார்த்துவிட்டு வேண்டாம் என்பது வேறு, ‘ஆபீஸில் கேட்டால் செக்குக்காரர் என்றா சொல்வேன்’ என்று பார்க்காமலே ஒதுக்குவது வேறு. இதில் எது என்று அவளிடமே கேள். என் ஹாஸ்டல் கதையையும் சொல், மறைக்க வேண்டாம்.

அடுத்த மாதம் அவரோடு கோயம்புத்தூர் வருகிறேன். வடாமும் கொண்டுவருகிறேன், நீ, நான், கீதா மூன்று பேரும் உட்கார்ந்து இந்தப் படத்தைப் பார்க்கலாம். எதற்காக வருகிறேன் என்று கீதாவிடம் இப்போதே சொல்லிவிடு. அந்தப் பாட்டி மாதிரி ஒளித்து வைத்துச் செய்யவேண்டாம்.

அன்புடன்,
உன் வசந்தி