இரவு எட்டரை மணிக்குக் கணக்குப் பார்க்க யாருக்குத் தெம்பு?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் ஞாயிறு இணைப்பில் எடைக் குறைப்பு பற்றி அடுத்தடுத்து இரண்டு கட்டுரைகள் வந்தன. கலோரிக் கணக்கு சரியாக இருந்தால் போதும், எதைத் தின்றாலும் எடை இறங்கும் என்றது முதலாவது. கணக்கெல்லாம் வேண்டாம், நல்ல சாப்பாடாகச் சாப்பிடுங்கள், மீதியை உடம்பு பார்த்துக்கொள்ளும் என்றது அடுத்தது. இரண்டையும் படித்து முடித்ததும் எனக்குத் தோன்றியது ஒன்றுதான், எழுதிய இருவருக்கும் கையில் நிறைய நேரம் இருக்கிறது போல. நான் காலை ஏழு மணிக்குக் கிளம்பினால் இரவு எட்டரைக்கு வீடு திரும்புகிற ஆள். இந்த இரண்டு வழியிலும் தனித்தனியாக நடந்துபார்த்து, இரண்டிலும் சறுக்கி விழுந்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

முதல் கட்டுரையில் பொய் எதுவும் இல்லை, அதைச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில் சத்துணவியல் பேராசிரியராக இருந்த மார்க் ஹாப் என்பவர் 2010-ல் பாக்கெட் கிரீம் கேக்கும் அந்த வகைத் தீனியுமாகவே பெரும்பாலும் தின்று, நாளுக்கு 1,800 கலோரியைத் தாண்டாமல், பத்தே வாரத்தில் சுமார் 12 கிலோ இறக்கிக் காட்டினார். கெட்ட கொழுப்புகூடக் குறைந்தது. ஆனால் இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் அவர் கூடவே புரத பானமும் சத்து மாத்திரையும் கொஞ்சம் காய்கறியும் எடுத்துக்கொண்டதை வசதியாக விட்டுவிடுகிறார்கள். இப்படிச் செய்யுங்கள் என்று அவர் யாருக்கும் சிபாரிசு செய்யவும் இல்லை.

நானும் செல்போனில் ஒரு கலோரி செயலியைப் போட்டுக்கொண்டு 1,500 என்று வரம்பு வைத்தேன். காலையில் சமைக்க நேரம் இல்லாததால் காப்பியோடு ஆறு பிஸ்கட், மதியம் எது கைக்குக் கிடைத்ததோ அது, எல்லாவற்றையும் உடனுக்குடன் எழுதிவிடுவேன். கணக்கு கச்சிதமாகத்தான் இருந்தது. சாயங்காலம் ஐந்து மணிக்குக் கையிருப்பு 400 கலோரி, பசியோ ஆயிரத்துக்கு இருந்தது. ஐந்து வாரம் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினேன், எடையும் இறங்கியது. ஆறாவது வாரம் ஒரு நாள் ராத்திரி, விளக்கைக்கூடப் போடாமல், திறந்த ஃபிரிட்ஜின் வெளிச்சத்தில் நின்றபடி ஜாம் பாட்டிலில் ஸ்பூனை விட்டு அள்ளித் தின்றேன். அந்த ஜாமைச் செயலியில் எழுதவில்லை.

இது என் ஒருவனுடைய பலவீனம் மட்டும் இல்லை. டயட் இருந்தும் எடை குறையவில்லை என்று சொன்ன ஒரு சிறிய குழுவை வைத்து 1992-ல் வெளியான ஓர் ஆய்வில், அவர்கள் உண்மையில் சாப்பிட்டதைவிடச் சராசரியாக 47 சதவீதம் குறைத்துச் சொல்லியிருந்தது தெரியவந்தது. செய்த உடற்பயிற்சியையோ 51 சதவீதம் கூட்டிச் சொல்லியிருந்தார்கள். வேண்டுமென்றே புளுகியவர்கள் என்று நான் நினைக்கவில்லை, வாயில் போட்டதெல்லாம் நினைவில் நிற்பதில்லை, அவ்வளவுதான். அதுவும் அலைந்துகொண்டே சாப்பிடுகிறவருக்கு எப்படி நிற்கும்?

சரி, தரம்தான் முக்கியம் என்கிற அடுத்த கட்டுரைக்கு வருகிறேன். என் மனசு இந்தப் பக்கம்தான் சாயும், ஆனால் சும்மா சாயவில்லை. அமெரிக்க அரசின் தேசியச் சுகாதார ஆய்வு நிறுவனத்தில் கெவின் ஹால் என்பவரின் குழு 20 பேரை ஒரு மாதம் உள்ளேயே தங்கவைத்து, இரண்டு வாரம் ஆலையில் பதப்படுத்திய உணவும் இரண்டு வாரம் சாதாரணமாகச் சமைத்த உணவும் கொடுத்துப் பார்த்தது, 2019-ல் வெளியானது. பரிமாறிய கலோரி, சர்க்கரை, கொழுப்பு, நார்ச்சத்து எல்லாம் இரண்டிலும் ஏறத்தாழ ஒன்று, வேண்டிய மட்டும் சாப்பிடலாம் என்பதுதான் விதி. பதப்படுத்திய உணவு வாரங்களில் அதே ஆட்கள் நாளுக்குச் சுமார் 500 கலோரி கூடுதலாகத் தின்றார்கள், எடையும் ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாக ஏறியது, சமைத்த உணவின்போது ஏறக்குறைய அதே அளவு இறங்கியது. வேகமாகவும் தின்றார்கள் என்பதையும் கவனித்திருக்கிறார்கள். எனக்கு அங்கேதான் சுருக்கென்றது. அவசரக்காரனுக்குப் பாக்கெட் பிடிப்பதே மென்று தின்ன வேண்டியதில்லை என்பதால்தானே, வயிறு போதும் என்று சொல்வதற்குள் தட்டு காலியாகிவிடுகிறது.

புரதம் விஷயமும் இப்படித்தான். புரதத்தில் வரும் கலோரியில் ஐந்தில் ஒரு பங்கோ அதற்கு மேலோ அதைச் செரிப்பதற்கே போய்விடும், கொழுப்பில் அது மூன்று சதவீதத்தைத் தாண்டுவதில்லை. அதைவிட முக்கியம், இரண்டு முட்டை தின்ற காலைக்கும் ஆறு பிஸ்கட் தின்ற காலைக்கும் பதினோரு மணி வாக்கில் தெரிகிற வித்தியாசம். அதற்கு ஆராய்ச்சி வேண்டாம், அலுவலகத்தில் என் மேஜை டிராயரைக் கேட்டாலே சொல்லும்.

ஆனால் தரத்தை மட்டும் நம்பியும் கெட்டிருக்கிறேன். நல்ல எண்ணெய், பாதாம், பழம், தேன் என்று மூன்று மாதம் சுத்தமாகச் சாப்பிட்டேன், முள் அசையவே இல்லை, பிறகு மெல்ல மேலே போனது. சந்தேகம் வந்து ஒரு நாள் வாணலியைச் சமையல் தராசில் வைத்து, வழக்கம்போல "கொஞ்சம்" எண்ணெய் ஊற்றிப் பார்த்தேன். 38 கிராம். கிராமுக்கு 9 கலோரி, ஆக 342. ஒரு மேஜைக்கரண்டி என்பது 14 கிராம்தான், நான் ஊற்றிக்கொண்டிருந்தது கிட்டத்தட்ட மூன்று. எவ்வளவு உசத்தியான எண்ணெயாக இருந்தாலும் கிராமுக்கு ஒன்பது ஒன்பதுதான். பாதாமிலும் ஒரு வேடிக்கை உண்டு. 28 கிராம் முழுப் பாதாமிலிருந்து உடம்பு எடுத்துக்கொள்வது 129 கலோரிதான், லேபிளில் 160, 170 என்று போடுவது அதிகம் என்று அமெரிக்க வேளாண் துறை ஆய்வாளர்கள் 2012-ல் கண்டார்கள், சரியாக மெல்லாத துணுக்குகளில் உள்ள கொழுப்பு அப்படியே வெளியே போய்விடுகிறதாம். அடடா என்று மகிழ்ந்தேன், ஆனால் அந்த 28 கிராம் என்பது எண்ணி 23 பருப்பு, நான் நடந்துகொண்டே அள்ளியதோ கைக்கணக்கு.

இதற்கு நடுவில் ஓர் உணவு ஆலோசகரையும் பார்த்தேன். நல்ல மனுஷர், எழுதிக் கொடுத்த அட்டவணையில் ஏழு நாளைக்கு இருபத்தொரு வேளை, இருபத்தொரு விதச் சாப்பாடு. அதைச் சமைக்க வேலையை ராஜினாமா செய்ய வேண்டும், செய்துவிட்டால் சாமான் வாங்கக் காசு இருக்காது.

இப்போது ஒரு வருஷமாக நான் செய்வது இதுதான், பெரிய வித்தை எதுவும் இல்லை. காலையும் மதியமும் தினம் ஒரே மாதிரி. விடுமுறை நாளில் ஒரு மணி நேரம் ஒதுக்கி முட்டையும் பயறும் உருளைக்கிழங்கும் வேகவைத்துவிடுவேன், முட்டையும் கிழங்கும் ஃபிரிட்ஜில், பயறு சின்னச் சின்ன டப்பாவில் ஃபிரீசருக்குள். உருளைக்கிழங்கா என்று முறைக்காதீர்கள், 1995-ல் ஆஸ்திரேலியாவில் 38 உணவுகளை ஒரே கலோரி அளவில் கொடுத்து எது வயிற்றை அதிகம் நிறைத்ததாகத் தோன்றுகிறது என்று பார்த்தபோது முதலிடம் வேகவைத்த உருளைக்கிழங்குக்குத்தான். எண்ணெயில் போட்டால் கதை வேறு. பாக்கெட் என்றாலே பாவம் என்றும் நான் ஒதுக்குவதில்லை, உறைந்த பட்டாணியும் பீன்ஸும் பாக்கெட்டில்தான் வருகின்றன, பறித்த சூட்டில் உறையவைத்தவை என்பதால் சத்தில் பெரிய குறை இல்லை, நறுக்கும் வேலையும் மிச்சம்.

இப்படி இரண்டு வேளை நிலைத்துவிட்டதால் அதை ஒரே ஒருமுறை எண்ணினால் போதும், அப்புறம் எண்ணுவதே இல்லை. தினமும் கணக்கு வைப்பது எண்ணெய்க்கும் குடிப்பதற்கும் மட்டும்தான். இரண்டு ஸ்பூன் சர்க்கரை போட்ட காப்பி நாலு என்றால் சர்க்கரையில் மட்டுமே 130 கலோரி சுமாருக்கு வரும், பாலைச் சேர்க்காமல். இரவுச் சாப்பாட்டை அதன் போக்கில் விட்டுவிட்டேன், ஒரு தட்டு, இரண்டாவது முறை போட்டுக்கொள்வதில்லை. அந்த நேரத்தில் அதற்கு மேல் கட்டுப்பாடு என்னிடம் மிச்சம் இருப்பதில்லை. வாரத்தில் ஒரு நாளாவது இதுவும் தவறும்.

உங்கள் இரண்டாவது கட்டுரையாளர் சொன்ன ஒன்றோடு மட்டும் நான் சண்டைக்கே வருவேன். நேரம் இல்லாதவர்கள் விடிகாலை நாலரைக்கு எழுந்து சமைக்கலாம் என்று எழுதியிருந்தார். 2010-ல் சிகாகோவில் பத்துப் பேரை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று இருக்கிறது. ஒரே கலோரிக் குறைப்பு, ஒரு முறை இரவில் படுக்கையில் எட்டரை மணி நேரம், இன்னொரு முறை ஐந்தரை, தலா பதினாலு நாள். இரண்டு முறையும் இறங்கிய எடை கிட்டத்தட்ட ஒன்று, சுமார் 3 கிலோ. ஆனால் நன்றாகத் தூங்கியபோது அதில் 1.4 கிலோ கொழுப்பு, தூக்கம் குறைந்தபோது 0.6 கிலோ மட்டுமே, மற்றதெல்லாம் தசையும் பிறவும். பசியும் கூடியிருந்தது. பதினோரு மணிக்குப் படுக்கிற ஆளை நாலரைக்கு எழுப்பி நல்ல சாப்பாடு சமைக்கச் சொன்னால், அவன் இழப்பது கொழுப்பாகத்தான் இருக்கும் என்று அவர் எந்த நம்பிக்கையில் சொல்கிறார்?

உங்களிடம் ஒரு வேண்டுகோள். இணைப்பில் சமையல் குறிப்பு போடும்போது கலோரியைப் போடுகிறீர்கள், நல்லது. "தேவையான அளவு எண்ணெய்" என்பதை மட்டும் கிராமில் போடுங்கள். அடுப்பைப் பற்றவைத்ததிலிருந்து தட்டில் விழும்வரை எத்தனை நிமிடம், கழுவ வேண்டிய பாத்திரம் எத்தனை, இதையும் ஒரு வரியில் சேர்த்துவிட்டால் என்னைப் போன்றவர்கள் பக்கத்தைக் கத்தரித்து வைத்துக்கொள்வோம்.

இப்படிக்கு,
நீண்ட நாள் வாசகன்