கிளவுட் தணிக்கையாளர்களுக்கு: ரூட் டேபிளைக் கேட்டு வாங்குங்கள்

கிளவுட் பாதுகாப்புத் தணிக்கை செய்கிறவர்களுக்கு வணக்கம்.

உங்கள் சரிபார்ப்புப் பட்டியல்களில் நெட்வொர்க் ஃபயர்வாலுக்கு, அதாவது நெட்வொர்க் டிராஃபிக்கைச் சோதித்து அனுமதிக்கும் அல்லது தடுக்கும் காவலுக்கு, பெரும்பாலும் ஒரே வரிதான் இருக்கிறது: "நெட்வொர்க் ஃபயர்வால் உள்ளதா?" ரூல் பட்டியலின் ஸ்கிரீன்ஷாட்டை இணைத்தால் 'ஆம்' விழுந்துவிடும். அந்த வரியை மாற்றுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல். பேச்சு பொதுவாகப் போய்விடாமலிருக்க அமேசானின் கிளவுட் சேவையான ஏடபிள்யூஎஸ் தரும் நெட்வொர்க் ஃபயர்வாலையே உதாரணமாக எடுத்துக்கொள்கிறோம்.

இந்த ஃபயர்வால் தானாக எந்தப் பாக்கெட்டையும் (நெட்வொர்க்கில் போகும் தரவுத் துண்டு) பிடிப்பதில்லை. ஒவ்வொரு அவைலபிலிட்டி ஸோனிலும் (தனித்து இயங்கும் டேட்டா சென்டர் தொகுதி) தனி சப்நெட்டில் (நெட்வொர்க்கின் ஒரு பகுதி) ஓர் எண்ட்பாயிண்ட், அதாவது ஃபயர்வாலின் நுழைவாயில், உட்கார்ந்திருக்கும். அந்த சப்நெட்டுக்கு /28 அளவே (16 முகவரிகள்) போதும். செயலி ஓடும் சப்நெட்டின் ரூட் டேபிளில் (டிராஃபிக் எந்த வழியே போக வேண்டும் என்று சொல்லும் பட்டியல்) 0.0.0.0/0 (மற்ற எல்லா முகவரிகளும்) அந்த எண்ட்பாயிண்டைக் காட்ட வேண்டும். அது நேராக நாட் கேட்வேயை (உள் முகவரிகளைத் தன் ஐபியாக மாற்றி வெளியே அனுப்பும் வாயில்) காட்டினால், எவ்வளவு அருமையான ரூல் எழுதியிருந்தாலும் செக்போஸ்ட் ஒரு சாலையில், லாரி போவது இன்னொரு சாலையில். திரும்பி வரும் வழியும் அதே எண்ட்பாயிண்ட் வழியாகவே வர வேண்டும். நாட் கேட்வே இருக்கும் சப்நெட்டின் டேபிளில், செயலி சப்நெட்டுக்கான ரூட் ஃபயர்வாலை நோக்கி இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு ஸோனில் போய் மறு ஸோனில் திரும்பினால், இணைப்பின் பாதியை மட்டும் பார்த்த ஃபயர்வால் அதைத் துண்டிக்கும். பல விபிசிகளை (கிளவுடில் ஒரு நிறுவனத்தின் தனி நெட்வொர்க்) இணைக்கும் டிரான்ஸிட் கேட்வே வைத்து மையமாகச் சோதிக்கும் அமைப்பில், ஃபயர்வால் விபிசியின் அட்டாச்மெண்டில் (இணைப்புப் புள்ளி), போவதும் வருவதும் ஒரே ஸோன் வழியே இருக்கச் செய்யும் 'அப்ளையன்ஸ் மோட்' இயக்கப்பட்டிருக்க வேண்டும். இயல்பில் அது அணைந்தே இருக்கும். "சில நேரம் வேலை செய்கிறது, சில நேரம் டைம் அவுட்" என்று புகார் வந்தால் முதலில் அங்கேதான் பாருங்கள்.

ரூல் வரிசைதான் அதிகம் ஏமாற்றுகிற இடம். உள்ளே ஓடுவது சுரிக்காட்டா என்ற ஓப்பன் சோர்ஸ் சோதனை எஞ்சின். இயல்பான 'ஆக்‌ஷன் ஆர்டர்' முறையில் நீங்கள் எழுதிய வரிசைக்கு மதிப்பில்லை. பாஸ் (அனுமதிக்கும்) ரூல்கள் எல்லாம் முதலில், டிராப் (தடுக்கும்) ரூல்கள் பிறகு. பட்டியலின் தலையில் பத்து டிராப் வரிகள் இருக்கும், கடைசியில் "டிசிபி 443 எங்கும் பாஸ்" என்று ஒரு வரி இருக்கும். ஸ்கிரீன்ஷாட்டில் பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் எச்டிடிபிஎஸ் போர்ட்டான 443-இல் அந்தப் பத்து வரிகளும் செத்த எழுத்து. இணைப்பின் முதல் பாக்கெட்டான ஸின்னில் டொமைன் பெயரே கிடையாது. போர்ட்டை மட்டும் பார்க்கும் பாஸ் ரூல் அங்கேயே பொருந்திவிடுகிறது.

அதனால் எழுதிய வரிசைப்படியே ரூல்களைப் பார்க்கும் 'ஸ்ட்ரிக்ட் ஆர்டர்' கேளுங்கள். ஃபயர்வாலின் பாலிசியை (ரூல்களின் தொகுப்பு) உருவாக்கும்போதே அதைத் தேர்ந்தெடுக்க வேண்டும், பின்னால் மாற்ற முடியாது. "அடுத்த காலாண்டில் மாற்றுகிறோம்" என்று பதில் வந்தால், புதிதாகக் கட்டப் போகிறார்கள் என்று பொருள். ஸ்ட்ரிக்டிலும் ஒரு பொறி உண்டு. இயல்புச் செயலாக 'டிராப் ஆல்' வைத்தால் இணைப்பைத் தொடங்கும் ஹேண்ட்ஷேக்கே நடக்காது, டொமைன் ரூல் பொருந்த வாய்ப்பே வராது. ஹேண்ட்ஷேக் முடிந்த இணைப்புகளை மட்டும் தடுக்கும் 'டிராப் எஸ்டாப்ளிஷ்ட்' வைத்தால் அது சரியாகும். ஆனால் பதில் வராத யுடிபி பாக்கெட் (ஹேண்ட்ஷேக் இல்லாமல் போவது) வெளியே கசியும். யுடிபிக்கும் ஐசிஎம்பிக்கும் ('பிங்' பயன்படுத்துவது) தனியாக டிராப் ரூல் வேண்டும். யுடிபி 443-ஐ மூடினால் யுடிபி மேல் ஓடும் க்விக் நெறிமுறையை முயலும் பிரவுசர்கள் டிசிபிக்குத் திரும்பிவிடும்.

இவற்றுக்கெல்லாம் முன்னால் ஒவ்வொரு பாக்கெட்டையும் தனித்தனியாகப் பார்க்கும் ஸ்டேட்லெஸ் அடுக்கு ஒன்று இருக்கிறது. அதன் இயல்புச் செயல் 'பாஸ்' என்றிருந்தால், அங்கே ரூல் எதிலும் பொருந்தாத ஒரு பாக்கெட்டும் சுரிக்காட்டாவுக்குப் போய்ச் சேராது. வேகத்துக்காக 10.0.0.0/8 என்ற உள் முகவரி வரம்பை அங்கேயே பாஸ் செய்திருந்தால், சர்வருக்கு சர்வர் பரவும் தாக்குதலை யாரும் பார்க்கப் போவதில்லை.

உள் நெட்வொர்க் எது என்று ரூல்களுக்குச் சொல்லும் ஹோம்நெட் மாறியையும் விட்டுவிடாதீர்கள். இயல்பில் அது ஃபயர்வால் இருக்கும் விபிசியின் முகவரி வரம்பு மட்டுமே. மைய அமைப்பில் மற்ற விபிசிகளின் வரம்புகளைச் சேர்க்காவிட்டால், "ஹோம்நெட்டிலிருந்து வெளியே" என்று தொடங்கும் எந்த ரூலும் அவற்றின் டிராஃபிக்கைத் தொடாது. எர்ரர் எதுவும் வராது.

டொமைன் பட்டியலை அளவுக்கு மீறி நம்ப வேண்டாம். ஃபயர்வால் படிப்பது டிஎல்எஸ் (குறியாக்கம் செய்த இணைப்பு) தொடக்கத்தில் கிளையண்ட் தானே எழுதித் தரும் எஸ்என்ஐ பெயரை. அனுமதித்த பெயரை எழுதிவிட்டு வேறு ஐபிக்குப் போனால், டிகிரிப்ட் செய்யாத ஃபயர்வால் அப்படியே நம்பும். அமேசான்ஏடபிள்யூஎஸ் டாட் காம் முழுவதையும் திறந்து வைக்கும் பழக்கம் இதைவிட மோசம். தாக்குபவரின் எஸ்3 பக்கெட்டும் (ஏடபிள்யூஎஸ் கோப்புச் சேமிப்பிடம்) அந்தப் பெயரின் கீழ்தான் இருக்கிறது. எஸ்3-க்கு விபிசி எண்ட்பாயிண்ட் (இணையம் தொடாமல் எஸ்3-க்குப் போகும் தனி வழி) வைத்து, அதன் பாலிசியில் நிறுவனத்தின் சொந்தக் கணக்கை மட்டும் அனுமதித்திருக்கிறார்களா என்று கேளுங்கள்.

கொல்லைப்புறக் கதவு, பெயரை ஐபி முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ். விபிசி 10.20.0.0/16 என்றால், டிஎன்எஸ் கேள்விக்குப் பதில் தரும் ரிஸால்வர் 10.20.0.2. அங்கே போகும் கேள்விகள் இந்த ஃபயர்வால் வழியே வருவதே இல்லை. அதற்கு ரூட் 53 என்ற ஏடபிள்யூஎஸ் டிஎன்எஸ் சேவையின் டிஎன்எஸ் ஃபயர்வால் தனியாக வேண்டும். 2021 டிசம்பரில் லாக்4ஷெல் (லாக்4ஜே என்ற ஜாவா நூலகத்தின் பாதுகாப்பு ஓட்டை) வந்தபோது வெளியே போகும் எல்டிஏபியை (டைரக்டரியில் தேடும் நெறிமுறை) தடுத்திருந்த இடங்களில் அந்த வழியே தாக்குபவரின் நிரலை இழுத்து வருவது நின்றது. ஆனால் தேடும் ஹோஸ்ட் பெயருக்குள்ளேயே சர்வரின் என்விரான்மெண்ட் வேரியபிளை (சாவி, கடவுச்சொல் போன்றவை இருக்கக்கூடிய மதிப்பு) செருக முடிந்ததால், ரகசியங்கள் டிஎன்எஸ் வழியே கசிய வழி இருந்தது.

லாக் பற்றி: ஃபயர்வாலை உருவாக்கினால் லாக் தானாக எழுதப்படாது, தனியாக இயக்க வேண்டும். பாஸ் ரூல் இயல்பில் அலர்ட் லாகில் ஏதும் எழுதாது. அனுமதித்ததையும் பதிய, ஸ்ட்ரிக்ட் வரிசையில் அதற்கு முன் ஓர் அலர்ட் ரூல் வைக்கலாம். ஃபயர்வால் நாட் கேட்வேக்கு வெளிப்பக்கம் இருந்தால் எல்லா வரியிலும் நாட் கேட்வேயின் ஐபிதான் இருக்கும், எந்த சர்வர் என்று தெரியாது. இந்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28-இல் பிறப்பித்த உத்தரவு 180 நாள் லாகைக் கேட்கிறது. அப்படிப்பட்ட லாகை 180 நாள் சேர்த்து வைத்து என்ன பயன்?

ஆகவே ஸ்கிரீன்ஷாட்டுக்குப் பதில் ஒரு சோதனையின் முடிவைக் கேளுங்கள். செயலி சப்நெட்டில் ஒரு சோதனை சர்வர் எழுப்பி, அனுமதித்த டொமைன், அனுமதிக்காத டொமைன், பெயரே இல்லாமல் நேராக ஐபிக்கு எச்டிடிபிஎஸ், 443-இல் எஸ்எஸ்எச் (சர்வருக்குள் தொலைவிலிருந்து நுழையும் முறை), அனுமதித்த எஸ்என்ஐ பெயரோடு வேறு ஐபி, தடைசெய்த பெயருக்கு டிஎன்எஸ் கேள்வி ஆகியவற்றை முயன்று, ஒவ்வொன்றுக்கும் உரிய லாக் வரியை நேரத்தோடு இணைக்கச் சொல்லுங்கள். ரூட் டேபிள்கள் எல்லாவற்றையும் கூடவே வாங்குங்கள். சோதனையை ஒவ்வொரு ஸோனிலும் தனித்தனியாக நடத்த வேண்டும். இரண்டு ஸோன் சரியாக இருந்து, பின்னால் சேர்த்த மூன்றாவதன் ரூட் டேபிள் நேராக நாட் கேட்வேக்குப் போய்க்கொண்டிருக்கலாம்.

இப்படிக்கு,
கிளவுட் நெட்வொர்க் பராமரிக்கும் பொறியாளர்கள்