முழுப் பழத்தை எங்கே ஒளித்து வைத்திருக்கிறீர்கள்?

அனுப்புநர்: உங்கள் பாளையங்கோட்டைக் கிளையின் வாடிக்கையாளர்

பெறுநர்: வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு, சூப்பர் மார்க்கெட் தலைமை அலுவலகம்

பொருள்: முழுத் தர்பூசணி விற்பனையை நிறுத்தியது, வெட்டிய பழத்தில் எடைக் குறைவு, தேதியின் மேல் தேதி ஒட்டியது – தொடர்பாக.

ஐயா,

வணக்கம். எங்கள் வீட்டு மாதச் சாமான் முழுக்க உங்கள் பாளை கிளையில்தான். பருப்பு, எண்ணெய், சோப்பு எதிலும் இதுவரை குறை சொன்னதில்லை. ஆனால் இந்தக் கோடையில் தர்பூசணி விஷயத்தில் உங்கள் கடை செய்வது சரியில்லை. கிளையில் வாயால் சொல்லிப் பார்த்தேன். "மேல சொல்றோம் மேடம்" என்றார்கள். அந்த 'மேல' நீங்கள்தான் என்பதால் இதை எழுதுகிறேன்.

மார்ச் மாதம் காய்கறிப் பகுதிக்கு முன்னால் தர்பூசணி குவித்து, கிலோ 22 ரூபாய் என்று போர்டு வைத்திருந்தீர்கள். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. வெயில் ஏற ஏற அந்தக் குவியல் காணாமல் போய், அதே இடத்தில் பிளாஸ்டிக் ட்ரேயில் வெட்டிப் போட்டு மேலே பாலிதீன் சுற்றிய துண்டுகள் வந்துவிட்டன. 400 கிராம், 69 ரூபாய். முழுப் பழம் வேண்டும் என்று கேட்டால், "முழுசுக்கு பில் போட முடியாது மேடம், பார்கோடு எடுத்துட்டாங்க" என்கிறார் பில் போடும் பெண். அவர் சொல்லி வாய் மூடுவதற்குள் உங்கள் ஆள் ஒருவர் தள்ளுவண்டி நிறைய முழுப் பழத்தை என் முன்னாலேயே வெட்டும் அறைக்குத் தள்ளிக்கொண்டு போகிறார். கண்ணெதிரே போகிற பழத்தைக் காசு கொடுத்து வாங்க முடியாது என்றால் எரிச்சல் வருமா வராதா?

கிளை மேலாளர் ஒரு காரணம் சொன்னார். முழுதாக வாங்கிப் போகிறவர்கள் வீட்டில் வெட்டிப் பார்த்துவிட்டு, உள்ளே வெள்ளையாக இருக்கிறது என்று திரும்பக் கொண்டுவந்து சண்டை போடுகிறார்களாம். நியாயமான தொல்லைதான், இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் இதே தொல்லை இங்கே வண்ணாரப்பேட்டைப் பக்கம் சாலையோரம் பழம் குவித்து விற்கும் அண்ணாச்சிக்கும் உண்டு. அவர் என்ன செய்கிறார்? பழத்தைப் புரட்டி, தரையில் கிடந்த பக்கத்தைக் காட்டுகிறார். அந்த இடம் நல்ல மஞ்சளாக இருந்தால் கொடியிலேயே விளைந்த பழம். வெளிறிக் கிடந்தால் அவசரப்பட்டுப் பறித்தது. மாம்பழம் மாதிரி இதை வைக்கோலில் போட்டுப் பழுக்க வைக்க முடியாது, பறித்த அன்று என்ன இனிப்போ அதுதான். பிறகு தட்டிக் காட்டுகிறார். அப்போதும் நான் முகத்தைச் சுளித்தால், "கீறிக் காட்டட்டா அக்கா?" என்று கத்தியை முக்கோணமாக இறக்கி, ஒரு சில்லை உருவி நீட்டுகிறார். சிவப்பாக இருந்தால் என் பை, வெளுத்திருந்தால் அவர் நட்டம். நாலு கம்பு நட்டு ஓலை போட்ட கொட்டகைக்காரர் தாங்குகிற நட்டத்தை ஏசி போட்ட கடை தாங்காதா?

வெட்டி வைத்தால் நிறத்தைப் பார்த்து வாங்கலாமே என்று நீங்கள் சொல்லலாம். உண்மை, நிறம் தெரிகிறது. எப்போது வெட்டியது, வெட்டுவதற்கு முன்னால் தோலைக் கழுவினார்களா, கத்தி எப்படி இருந்தது, இதில் ஒன்றும் தெரியவில்லை. மண்ணில் உருண்ட பழம். லாரியிலும் கிட்டங்கியிலும் எத்தனையோ கை பட்ட பழம். தோலில் இருப்பதைக் கத்தி அப்படியே உள்ளே இழுத்துக்கொண்டு போகும். எலுமிச்சை மாதிரி இதில் புளிப்பு கிடையாது, பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தண்ணீர், மீதியில் சர்க்கரை. கிருமிக்கு இதைவிட வசதி வேண்டுமா? அமெரிக்காவில் 2018-லும் 2019-லும் வெட்டி அடைத்த முலாம்பழம், தர்பூசணித் துண்டுகளைத் தின்று பல மாநிலங்களில் சால்மொனெல்லா என்ற கிருமியின் தொற்று பரவி, கடைகளிலிருந்து சரக்கைத் திரும்ப எடுத்தார்கள். குளிர்பதன வசதி கொட்டிக் கிடக்கிற ஊரிலேயே அந்தக் கதி.

இப்போது நான் வாங்கிய ட்ரேக்கு வருகிறேன். பிள்ளைகள் லீவுக்கு வந்திருந்தார்கள், வேறு வழியில்லாமல் எடுத்தேன். அது கிடந்த இடம் குளிர்ப்பெட்டி அல்ல, பில் போடும் இடத்துக்குப் பக்கத்தில், வாசல் கதவு திறக்கும்போதெல்லாம் வெக்கை அடிக்கிற மேசை. வீட்டில் பிரித்ததுமே லேசான புளித்த வாடை. சின்னவள் ஒரு துண்டை வாயில் போட்டுவிட்டு, "ஆச்சி, நாக்குல சுர்ருங்குது" என்று துப்பிவிட்டாள். அப்புறம்தான் ஸ்டிக்கரைக் கவனித்தேன். ஒரு ஓரம் மட்டும் தடிப்பாக இருந்தது. நகத்தால் கிளப்பினால் அடியில் இன்னொரு ஸ்டிக்கர். மேலே அன்றைய தேதி, அடியில் முந்தைய நாள் தேதி. இரண்டிலும் அதே 69 ரூபாய்.

சந்தேகம் வந்த பிறகு விடுவானேன் என்று சமையலறைத் தராசில் வைத்தேன். ட்ரேயோடு 340 கிராம். ட்ரே மட்டும் 22. ஆக, பழம் 318 கிராம். மறுநாள் கடையில் கேட்டதற்கு, "சாறு வடிஞ்சிருக்கும் மேடம்" என்றார்கள். வடிந்த சாறு எங்கே போகும்? ட்ரேயிலேயே தேங்கிக் கிடந்தது, அதையும் சேர்த்துத்தான் 318.

கணக்கைக் கொஞ்சம் பாருங்கள். கிலோ 22 ரூபாய்ப் பழத்தில் மூன்றில் ஒரு பங்கு தோலுக்குப் போனால்கூட, சதைப் பகுதி கிலோ 33 ரூபாய்தான் ஆகிறது. நீங்கள் சொன்ன எடைப்படியே உங்கள் ட்ரே கிலோ 172 ரூபாய். உண்மையான எடைப்படி 217. வெட்டுகிறவருக்குக் கூலி உண்டு, ட்ரேக்குக் காசு உண்டு, கரண்டு உண்டு, ஒப்புக்கொள்கிறேன். அதற்காக ஆறரை மடங்கா? அந்தத் தோலும் எங்களுக்கு வீண் இல்லை. வெள்ளைப் பகுதியைச் சீவி பாசிப்பருப்புப் போட்டுக் கூட்டு வைப்போம், பச்சைத் தோல் எதிர்வீட்டு மாட்டுக்கு.

சட்டமும் உங்களுக்குத் தெரியாததல்ல. 2011-ம் ஆண்டின் சட்டமுறை எடையளவு (பொட்டலப் பொருட்கள்) விதிகளின்படி, பொட்டலத்தில் போட்டிருக்கும் எடை உள்ளே இருக்கும் பொருளின் எடை மட்டுமே. உறையைச் சேர்த்துக் கணக்குக் காட்டக் கூடாது. உங்கள் ட்ரேயில் உறையைச் சேர்த்தாலும் 400 வரவில்லை என்பது வேறு விஷயம். பொட்டலத்தில் உள்ள விவரத்தை மாற்றுவதற்குத் தனி ஸ்டிக்கர் ஒட்டவும் அந்த விதியில் இடமில்லை. விலையைக் குறைக்க மட்டும் ஒட்டலாம், அதுவும் பழைய விலையை மறைக்காமல். நீங்கள் விலையைக் குறைக்கவில்லை, வயதைக் குறைத்திருக்கிறீர்கள்.

வெட்டிய பழத்தை 5 டிகிரிக்கு மேல் போகாமல் குளிரில் வைக்க வேண்டும். வெளியே 32 டிகிரியைத் தாண்டினால் ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியில் வைக்கக் கூடாது என்பது உணவுப் பாதுகாப்பில் பொதுவாகச் சொல்லும் கணக்கு. அக்னி நட்சத்திரத்தில் பாளையங்கோட்டை வெயில் எத்தனை டிகிரி என்று செய்தியிலேயே சொல்கிறார்கள், நான் சொல்ல வேண்டியதில்லை.

வெட்டிய பழமே விற்காதீர்கள் என்று நான் கேட்கவில்லை. ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரியில் நோயாளிக்குத் துணைக்கு இருப்பவர்கள், விடுதிப் பிள்ளைகள், தனியாக இருக்கிற பெரியவர்கள் ஆறு கிலோப் பழத்தை வாங்கி என்ன செய்வார்கள்? அவர்களுக்குத் துண்டுதான் சரி. அவர்களை முன்னிட்டாவது அதைச் சுத்தமாகச் செய்யுங்கள். பாதி, கால் என்று கேட்கிறவர் கண்முன்னாலேயே வெட்டி எடை போட்டுக் கொடுத்தால் ட்ரேயும் வேண்டாம், ஸ்டிக்கரும் வேண்டாம்.

இன்னொன்றும் மனதில் கிடக்கிறது. 2025 கோடையில் தர்பூசணிக்கு ஊசி போட்டு நிறம் ஏற்றுகிறார்கள் என்று தமிழ்நாடு முழுக்கப் பேச்சுக் கிளம்பி, விலை விழுந்து, விவசாயிகள் தவித்துப்போனார்கள். ஊசி குத்திய பழம் சீக்கிரம் கெட்டுப்போகும் என்பதைக்கூட யாரும் யோசிக்கவில்லை. சாலையோர அண்ணாச்சியிடம் சாயம் ஒட்டுகிறதா என்று டிஷ்யூ பேப்பரைத் தேய்த்துக் காட்டச் சொன்ன நம் ஜனங்கள், பாலிதீன் சுற்றிய ட்ரேயை ஒரு கேள்வி கேட்காமல் கூடையில் போடுகிறார்கள். அந்த நம்பிக்கைக்குத்தான் நீங்கள் 69 ரூபாய் வாங்குகிறீர்கள்.

கிளையில் என் அட்டையில் 100 புள்ளி ஏற்றித் தருவதாகச் சொன்னார்கள். வேண்டாம் என்றுவிட்டேன். எனக்கு வேண்டியது, முழுப் பழத்தைக் கிலோ விலையில் மறுபடி விற்பனைக்கு வைப்பது. வெட்டிய பழத்தைக் குளிர்ப்பெட்டியில் மட்டும் வைத்து, வெட்டிய நேரத்தை எழுதுவது. மீந்ததை அன்றைக்கே அப்புறப்படுத்துவது. என் 69 ரூபாயைப் பணமாகவே திருப்பித் தாருங்கள். ஸ்டிக்கர் மேல் ஸ்டிக்கர் ஒட்டச் சொன்னது யார் என்றும் எழுத்தில் தெரிய வேண்டும். ட்ரேயை அடுக்குகிற பையனைப் பிடித்துக் கணக்கை முடிக்க வேண்டாம், அவன் சொன்னதைச் செய்கிறவன்.

15 நாளில் பதில் வராவிட்டால் எடைக் குறைவுக்குத் தொழிலாளர் துறை அமலாக்கப் பிரிவிலும், தேதி விஷயத்துக்கு உணவுப் பாதுகாப்புத் துறையிலும் புகார் கொடுப்பேன். நுகர்வோர் உதவி எண் 1915-லும் பதிவு செய்வேன். அதுவரை மளிகைச் சாமான் உங்களிடம், தர்பூசணி அண்ணாச்சியிடம்.

இணைப்பு: ரசீது நகல், தராசில் வைத்து எடுத்த படங்கள், இரண்டு ஸ்டிக்கர்களின் படம். அசல் ஸ்டிக்கர்கள் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன.

இப்படிக்கு,
பாளையங்கோட்டை வாடிக்கையாளர்