முதன்முறை விமானம் ஏறுபவர்களுக்குத் தமிழில் சொல்லிக்கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

என் தங்கச்சி போன மாதம் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனாள். அவள் ஏறிய முதல் விமானம் அது. மஸ்கெலியாவிலிருந்து இரவோடு இரவாக வேன் பிடித்து விமான நிலையத்தில் கொண்டுபோய் விட்டோம். உள்ளே போன கொஞ்ச நேரத்தில் அழுதுகொண்டே போன் எடுத்தாள். அம்மா வெந்தயம், கறிவேப்பிலை போட்டுக் காய்ச்சிக் கொடுத்த தலை எண்ணெய் கைப்பையில் இருந்திருக்கிறது. சோதனையில் அதை எடுத்துப் போட்டுவிட்டார்களாம். போத்தலில் பாதிதானே இருக்கிறது என்று கெஞ்சியும் பார்த்திருக்கிறாள்.

அந்த அதிகாரி மேல் எனக்குக் கோபம் இல்லை. கைப்பையில் வைக்கும் எண்ணெய், ஷாம்பு, ஊறுகாய் எதுவானாலும் போத்தல் 100 மில்லிலீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது. உள்ளே எவ்வளவு மிச்சம் என்று பார்ப்பதில்லை, போத்தலின் அளவுதான் கணக்கு. 2006இல் லண்டனிலிருந்து புறப்படும் விமானங்களைத் திரவ வெடிபொருளால் தகர்க்கப் போட்ட திட்டம் பிடிபட்ட பிறகு வந்த விதி இது. அதே போத்தலை நன்றாகச் சுற்றிப் பெரிய பெட்டியில் வைத்திருந்தால் குவைத் போய்ச் சேர்ந்திருக்கும். இதை எங்களுக்கு வேலைக்கு அனுப்பிய முகவரும் சொல்லவில்லை, வெளிநாடு போகுமுன் நடந்த பயிற்சி வகுப்பிலும் சொல்லவில்லை.

எண்ணெய் போனால் போகட்டும். அவள் கழுத்தில் தாயத்து இருந்தது. மெஷின் சத்தம் போட்டதும் ஓரமாக வரச் சொல்லியிருக்கிறார்கள். பயணமே நின்றுவிடுமோ என்று பிள்ளை நடுங்கிப்போய்விட்டாள். சிங்களம் அவளுக்கு நன்றாகவே வரும், அந்தப் பதற்றத்தில் ஒரு சொல்லும் காதில் ஏறவில்லையாம். வளையலுக்கும் தாயத்துக்கும் அந்தச் சத்தம் வருவது சாதாரணம், பெண்களைப் பெண் அதிகாரிதான் தொட்டுச் சோதிப்பார், மறைவான இடத்தில் சோதிக்கும்படி நாமே கேட்கலாம். இவ்வளவும் முதல் நாளே தெரிந்திருந்தால் அவள் அழுதிருக்க மாட்டாள்.

இன்னும் சில உண்டு. பவர் பேங்க் பெரிய பெட்டியில் போகக் கூடாது, கையில்தான் கொண்டுபோக வேண்டும். பாக்குவெட்டி, கத்தரிக்கோல் பெட்டிக்குள் போக வேண்டும். அப்புறம் மிக முக்கியமானது, "அங்கே ஒருத்தர் வந்து வாங்கிக்கொள்வார்" என்று யார் பார்சல் தந்தாலும் வாங்கவே கூடாது. உள்ளே என்ன இருந்தாலும் பிடிபடுவது சுமந்து போகிறவள்தான்.

1987 முதல் தமிழும் இலங்கையின் அரச கரும மொழி. வெளிநாட்டுப் பயிற்சி நடத்துகிறவர்கள் ஒரு மணி நேரத்தை இதற்கென்று ஒதுக்கட்டும். ஒரு தட்டையும் பையையும் வைத்து, எதை எங்கே வைப்பது, எப்போது செருப்பைக் கழற்றுவது என்று தமிழில் செய்து காட்டினாலே போதும்.

அடுத்த மாதம் எங்கள் தோட்ட லயத்திலிருந்து இன்னும் இரண்டு பெண்கள் போகிறார்கள். இந்தக் கடிதத்தைப் பிரசுரித்தால் வெட்டியெடுத்துப் தோட்டத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பரா சுவரில் ஒட்டிவைப்பேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
மஸ்கெலியா